முகூர்த்தம் பதிமூன்று

பன்னிரண்டு வருடங்களாகப் பயன்படுத்துகிறேன், முழுத் திருப்தி என்று எழுதிவிட்டு, முழு என்ற சொல்லைத் தயாளன் அழித்தான். அழித்த இடம் மொட்டையாக நின்றது. வெறும் திருப்தி என்றால் பந்தியில் இலையை மூடிவிட்டு எழுந்திருப்பவன் சொல்வது போல இருக்கிறது. மறுபடி முழு என்று சேர்த்தான். மதுரையில் இசைக்கருவிக் கடை வைத்திருக்கும் ஜீவரத்தினம் காலையிலேயே செய்தி அனுப்பியிருந்தார். தன்னிடம் வாங்கிய ப்ராசஸர்களில் இத்தனை வருடம் ஓடிக்கொண்டிருப்பது தயாளன் சாருடையதுதான், இரண்டே வரி எழுதித் தந்தால் கடையின் பக்கத்தில் போட்டுக்கொள்வேன், சாயங்காலத்துக்குள் கிடைத்தால் நல்லது. இரண்டு வரிதானே. கல்லூரி நூலகத்தில் முப்பது வருடமாக மற்றவர்கள் எழுதியதை எடுத்து அடுக்குகிறவனுக்கு இரண்டு வரி வராதா. மணி மூன்றரை. திண்டுக்கல்லில் வத்தலக்குண்டு சாலையில் இருக்கும் கல்யாண மண்டபத்தின் மேடையில், மணமக்கள் நாற்காலிக்கு இடது பக்கம் இசைக்குழுவுக்கென்று போட்டிருந்த பலகையில், கிட்டாரை மடியில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வரவேற்பு ஆறரைக்கு. பாடுகிறவர்கள் ஐந்துக்கு முன்னால் வரமாட்டார்கள். கீழே இரண்டு பெண்கள் நாற்காலிகளுக்கு வெள்ளை உறை மாட்டிக்கொண்டிருந்தார்கள். ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். சிரிப்பு தெரிந்தது. என்ன சொன்னார்கள் என்பது தெரியவில்லை. மண்டபம் பெரியது, கூரை உயரம், பேச்சு மேலே போய்விடும் என்று நினைத்துக்கொண்டு மறுபடி ஃபோனைப் பார்த்தான்.

திருப்தி இல்லாமல் என்ன. காலடியில் கிடந்த கறுப்புப் பெட்டியைச் செருப்புக் கழற்றிய கால் பெருவிரலால் தொட்டுப் பார்த்தான். மாடலர் என்பது இதன் சரியான பெயர். குழுவில் எல்லோரும் ப்ராசஸர் என்பார்கள், வீட்டில் வசந்தி பெட்டி என்பாள். உலகத்தில் பேர்போன பழைய ஆம்ப்ளிஃபயர்களின் குரலையெல்லாம் எண்களாக்கி உள்ளே வைத்திருக்கிறது. கிட்டாரை இதில் செருகி, இதை மைக்செட்டில் செருகிவிட்டால் போதும். இரண்டு பேர் பிடித்துத் தூக்க வேண்டிய வால்வ் ஆம்ப்ளிஃபயர் வேண்டாம், அது சூடாகும்வரை காத்திருக்க வேண்டாம், வண்டி குலுங்கியதில் எந்த வால்வ் போயிற்றோ என்று பயப்பட வேண்டாம். ஒரு மூலை நசுங்கியிருக்கிறது, கொடைரோடு ஸ்டேஷனில் விழுந்தது. மிதிக்கும் பித்தான்களில் மூன்றாவதில் சாயம் போய் வெள்ளை தெரிகிறது. மற்றபடி ஒரு நாள் மக்கர் செய்ததில்லை. வாங்கும்போது அவனுக்கு நாற்பத்துநாலு. சுமை குறையும் என்பதற்காக வாங்கியதாகத்தான் எல்லோரிடமும் சொன்னான். உண்மையில் அவனை இழுத்தது வேறு. திருகிகளைக் கையால் திருப்புகிறவன் அன்றன்றைக்குத் தன் காதை நம்பித் திருப்புகிறான். ஜலதோஷம் பிடித்த நாளில் ஒரு மாதிரி, மனம் கசந்த நாளில் ஒரு மாதிரி. இதில் ஒருமுறை சரியாக அமைத்து, பெயர் கொடுத்துச் சேமித்துவிட்டால், அந்தக் குரல் அப்படியே இருக்கும். காதை நம்ப வேண்டியதில்லை. அதைத்தான் எழுத வேண்டும். பன்னிரண்டு வருடமாக ஒரே குரல், மாறாத குரல். எழுதினான். எழுதியதும் அது அழகாக இருந்தது. அழகாக இருந்ததாலேயே சரிபார்க்கத் தோன்றியது. நூலகக்காரன் புத்தி. அலமாரி எண் சரியாக இருந்தாலும் ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் நகரும்.

அவனுக்கு ஒரு வழக்கம் இருந்தது. தை பிறந்து, குழுவுக்கு முதல் கல்யாணம் வரும்போது, போன வருடத்து அமைப்பை அப்படியே நகல் எடுத்து, புது வருடத்தின் எண்ணைப் போட்டுச் சேமிப்பான். முகூர்த்தம் 13, முகூர்த்தம் 14. பழையதை அழிப்பதில்லை. அன்றைக்கு மண்டபத்தில் வாசித்துப் பார்த்து லேசாக ஏதாவது தொட்டிருப்பான், அவ்வளவுதான். தொட்டது நினைவிலும் நின்றதில்லை. பழைய பக்கங்களை அவன் ஒரு தடவைகூடத் திறந்து பார்த்ததுமில்லை, இப்போதைய எண் இருக்கும்போது எதற்கு. குனிந்து, சின்னத் திரையில் ஒவ்வொன்றாகப் பின்னால் தள்ளிக்கொண்டு போய், முதலாவதைத் திறந்தான். ஆம்ப்ளிஃபயர் அதேதான். பாஸ் அதேதான். சத்தத்தின் கூர்மையைக் கூட்டும் ட்ரெபிள் ஐந்து. அடுத்த வருடம் ஐந்தேகால். அதற்கடுத்தது ஐந்தேகால். பதினாறில் ஐந்தரை. பதினெட்டில் ஆறு. பத்தொன்பதில் ஆறரை. கொரோனாவில் கல்யாணங்களே இல்லாத வருடத்துக்குப் பெயர் இல்லை, அதற்கு மறுவருடம் ஏழு. ஏழேகால், ஏழே முக்கால், எட்டேகால். இந்த வருடம் எட்டே முக்கால். அவன் மறுபடி முதலிலிருந்து வந்தான். ஒருவேளை நடுவில் ஏதாவது இறங்கியிருக்கும். இறங்கவில்லை. ஒரு வருடம்கூட இறங்கவில்லை. சுவரில் நிற்கவைத்துப் பென்சிலால் கோடு போட்டுப் பிள்ளைகளின் உயரத்தைக் குறிப்பார்களே, அது போல அவன் கையாலேயே வருடத்துக்கு ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறான். எது வளர்ந்தது. குரலின் கூர்மையை வருடா வருடம் ஏற்றினால்தான் அவனுக்கு அது முன்பு போல இருந்திருக்கிறது. முன்பு போல. புது தந்திகள் மாற்றியிருப்பேன், கம்பெனியை மாற்றினேனே பதினெட்டில், அது கொஞ்சம் மந்தமான தந்தி என்று நினைத்தான். உடனே, அந்தத் தந்தியைப் பிடிக்காமல் மறுமாதமே பழையதற்குத் திரும்பியதும் நினைவுக்கு வந்தது. ஸ்பீக்கர்கள் மாறின. ஆனால் ஸ்பீக்கர் மாறியது ஒரு தடவை. எண் ஏறியது ஒன்பது தடவை.

சில்வண்டு. அது எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை, ஆனால் அந்தச் சொல் வந்து நின்றது. போன ஐப்பசியில், மழை விட்ட சாயங்காலம், வாசல் கிரில்லில் கை வைத்துக்கொண்டு, இந்த ஊரில் சில்வண்டே இல்லாமல் போய்விட்டது, எல்லாவற்றையும் கட்டடமாக்கிவிட்டார்கள் என்று சொன்னான். வசந்தி துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள். ஒரு சட்டையின் கையை மடித்து, விரித்து, மறுபடி மடித்தாள். அவள் அப்போது என்ன கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கத்துக் காலி மனை முழுவதும் புல்லாகக் கிடக்கிறதே, அது கத்திக்கொண்டிருந்ததா. அவன் கட்டடங்களைத் திட்டிக்கொண்டிருந்தபோது அது பாட்டுக்குக் கத்திக்கொண்டிருந்ததா. அதற்கு முன்னால், காய்ச்சல் பார்க்கும் கருவி கெட்டுவிட்டதென்று தூக்கிப் போடப் போனான், சத்தமே வரவில்லை என்று. அவள் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கி வைத்துக்கொண்டாள். பேட்டரி மாற்றினேன், சரியாகிவிட்டது என்றாள் அடுத்த நாள். மாற்றினாளா. பேரன் ஃபோனில் பேசினால் அவன் ஃபோனை அவளிடம் கொடுத்துவிடுவான், குழந்தை மழலையில் என்ன சொல்கிறதென்று உனக்குத்தான் புரியும் என்று. காது டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடலாமே என்று அவள் பொதுவாக, சுவரைப் பார்த்துச் சொன்னாள். அழுக்கு அடைத்திருக்கும் என்று இரண்டு சொட்டு எண்ணெய் விட்டுக்கொண்டான். நூலகத்தில் யாரும் இரைந்து பேசுவதில்லை. கேட்காமல் போனால் குனிந்து, என்னப்பா என்று கேட்கலாம், அங்கே எல்லோரும் அப்படித்தான் கேட்கிறார்கள். கிசுகிசுப்பவர்கள் நடுவில் முப்பது வருடம். செவிடனுக்கு இதைவிட நல்ல மறைவிடம் கிடைக்காது. அந்தச் சொல் மனத்தில் ஓடிய பிறகுதான் அதைத் தான் நினைத்துவிட்டதைக் கவனித்தான். செவிடன். இல்லை, அப்படியொன்றும் இல்லை, வண்டிச் சத்தம் கேட்கிறது, கதவு கேட்கிறது, பாஸ் கிட்டார் நெஞ்சில் இடிக்கிறது. மேலே இருப்பது மட்டும் கொஞ்சம். ச, ஸ, த போன்ற எழுத்துகள் மட்டும் கொஞ்சம். சில்வண்டு மட்டும்.

மரியநேசனை நினைக்கக் கூடாது என்று தோன்றியதுமே மரியநேசன் வந்துவிட்டார். இந்தக் குழுவில், இதே இடது பக்கத்தில், தயாளனுக்கு முன்னால் முதல் கிட்டார் வாசித்தவர். ரயில்வேயில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், வெள்ளைச் சட்டையைக் கழுத்துவரை பித்தான் போடுவார். அவருடைய வால்வ் ஆம்ப்ளிஃபயரைத்தான் இரண்டு பேர் தூக்க வேண்டும், அந்த இரண்டு பேரில் ஒருவன் தயாளன். தயாளன் அப்போது இரண்டாம் கிட்டார், பின்னால் நின்று தாளத்துக்கு வாசிப்பவன். கடைசி இரண்டு வருடம் நேசன் சார் ட்ரெபிள் திருகியை முடிகிறவரை திருப்பிவிட்டு, அதற்கு மேலும் திருகிப் பார்ப்பார், இன்னும் கொஞ்சம் இடம் இருக்குமோ என்பது போல. குழுவில் அதை நடித்துக் காட்டிச் சிரிப்பார்கள். சார் கிட்டார் வாசித்தால் பந்தியில் அப்பளம் நொறுங்குகிறது என்று கீபோர்டு லூர்து சொல்ல, எல்லோருக்கும் முன்னால் சிரித்தவன் தயாளன். ஒருநாள் நிலக்கோட்டையில், பிற்பகல்தான், இதே மாதிரி பாடகர்கள் வராத நேரம், நேசன் சார் கிட்டாரைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்தார். வெகுநாளாகக் கேட்க நினைத்தவர் போல, ஆனால் சாதாரணமாக, கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். “தம்பி, உள்ளதைச் சொல்லு. சத்தம் கூசுதா?” அவர் முகம் இவ்வளவு கிட்டே இருந்தது. கண்ணில் பயம் இல்லை, அதுதான் தாங்க முடியாதது, ஒரு மரியாதையான காத்திருப்பு இருந்தது. “இல்ல சார், நல்லாத்தான் இருக்கு” என்றான் தயாளன். அடுத்த வாரம் குழுவை நடத்தும் ராஜரெத்தினத்தின் வீட்டுக்குப் போய், அவருக்குக் காது போய்விட்டது, கல்யாண வீட்டுக்காரர்கள் முகத்தைச் சுளிக்கிறார்கள், எவ்வளவு நாள் இப்படியே ஓட்டப் போகிறோம் என்று சொன்னதும் தயாளன்தான். நேசன் சாரை அதற்குப் பிறகு யாரும் வாசிக்கக் கூப்பிடவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. தேதி சொல்லாமல் விட்டார்கள், அவ்வளவுதான். அவர் இரண்டு தடவை ஃபோன் செய்து இந்த மாதம் ஒன்றும் இல்லையா என்று கேட்டாராம். பிறகு கேட்கவில்லை. மறு தையில் தயாளன் புதுப் பெட்டியோடு முன்வரிசைக்கு வந்தான். அவரிடம் அன்றைக்கே ஆமாம் சார், கொஞ்சம் கூசுது, ஒரு புள்ளி குறைங்க என்று சொல்லியிருந்தால். குறைத்திருப்பார். ஃபிட்டர் அவர். அளவு சொன்னால் அளவுக்கு வைப்பார். தனக்குக் கேட்காவிட்டாலும் வைத்திருப்பார். அவர் அளவுதான் கேட்டார். அதைக்கூடக் கொடுக்கவில்லை. அதனால்தான் எண்களைச் சேமித்துவைக்கும் பெட்டியை வாங்கினோமோ, நமக்கு அப்படி ஒருவனிடம் போய்க் கேட்கும் நிலை வரக் கூடாதென்று. பெட்டி சேமித்துத்தான் வைத்திருந்தது. அவன்தான் பார்க்கவில்லை.

மண்டபத்தின் நடுவில், ஜமக்காளம் விரித்த மேசைக்குப் பின்னால், மைக்செட் பக்ருதீன் ஒயர்களைச் செருகிக்கொண்டிருந்தான். இருபது வருடமாக இந்தக் குழுவுக்கு அவன்தான். மேடையில் வாசிப்பதையெல்லாம் வாங்கி, ஏற்றி இறக்கி, வந்திருப்பவர்களின் காதுக்குக் கொடுப்பவன். தயாளன் எழுந்தான். எழுந்த பிறகு உட்கார்ந்தான். அவனிடம் கேட்டால் என்ன சொல்வான். நல்லாத்தான் இருக்கு என்பான். நான் சொன்னதைத்தானே எனக்கும் சொல்வார்கள், அதில் என்ன அநியாயம். அதை வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்து, மாறாத குரல் என்று முடித்து ஜீவரத்தினத்துக்கு அனுப்பிவிடலாம். இன்னும் இரண்டு தை ஓடும். ஒன்பது, ஒன்பதரை. பத்துக்கு மேல் இந்தப் பெட்டியிலும் இடம் இல்லை. கால்கள் படிகளில் இறங்கிக்கொண்டிருந்தன. வெள்ளை உறை மாட்டிய நாற்காலிகளுக்கு நடுவில் நடக்கும்போது, அந்தப் பெண்கள் மறுபடி சிரித்தார்கள், நம்மைப் பார்த்துத்தானோ என்று இருந்தது. இல்லை, ஒருத்தியின் கொண்டையில் உறையின் நாடா மாட்டிக்கொண்டிருந்தது.

“என்னண்ணே, மானிட்டர் வரலையா?” என்றான் பக்ருதீன், கையில் ஒயரோடு.

வருகிறது என்றான் தயாளன். அவனவன் வாசிப்பது அவனவனுக்குக் கேட்க மேடையில் காலடியில் வைத்திருக்கும் ஸ்பீக்கர் அது. வருகிறது, அதற்காக வரவில்லை. பிறகு என்ன கேட்பதென்று தெரியாமல் மிக்ஸரைப் பார்த்தான். வரிசை வரிசையாகத் திருகிகள். ஒவ்வொரு வரிசைக்கும் கீழே ஒட்டியிருந்த வெள்ளை டேப்பில் பக்ருதீனின் கோணல் எழுத்து. கீபோர்டு, தபேலா, தயாளண்ணே. மற்ற வரிசைகளில் ட்ரெபிளுக்கான மேல் திருகியின் வெள்ளைக் கோடு நேராக, கடிகாரத்தின் பன்னிரண்டு மணியில் நின்றது. தயாளண்ணே வரிசையில் அது இடது பக்கம் நன்றாகச் சாய்ந்து எட்டு மணியில் கிடந்தது. இன்னும் யாரும் ஒரு சுரம் வாசிக்கவில்லை. வாசிப்பதற்கு முன்பே அது அங்கே இருந்தது. அவன் பார்ப்பதைப் பக்ருதீன் பார்த்தான். ஒயரை மேசையில் வைத்தான்.

“பக்ருதீன், உள்ளதைச் சொல்லு. என் சத்தம் கூசுதா?”

அவன் மூக்கைச் சொறிந்தான். மேடையைப் பார்த்தான், அங்கே யாரும் இல்லை. நல்லாத்தான் இருக்கு என்பதற்கு வாய் ஒரு மாதிரி திறக்கும், அதைத் தயாளன் தன் வாயிலேயே அறிந்திருந்தான், அது வருவதற்காகக் காத்திருந்தான். வந்தால் போதும் என்று இருந்தது.

“வெளியில யாருக்கும் கூசாதுண்ணே” என்றான் பக்ருதீன். “நான் இங்க எறக்கிருவேன். ஏழெட்டு வருஷமா எறக்கிட்டுத்தான் இருக்கேன். நீங்க அங்க ஏத்த, நான் இங்க எறக்க. ஒங்க மானிட்டர்ல மட்டும் கை வைக்கிறதில்ல, அது நீங்க வச்சபடியே வரும்.” பிறகு தப்பாகச் சொல்லிவிட்டவன் போல, குரலைத் தணித்து, “ராஜரெத்தினம் அண்ணனுக்குத் தெரியாது” என்றான். கடைசி வரி உதட்டிலிருந்துதான் தயாளனுக்குப் புரிந்தது.

லூர்துக்குக் கூசாதா என்று கேட்டான். லூர்து பக்கத்திலேயே நிற்கிறவனாயிற்றே, அவனுக்கு அந்த மானிட்டர் சத்தம் விழும். அவர் இடது காதில் பஞ்சு வைத்துக்கொள்வார் என்றான் பக்ருதீன், சொல்லலாமா கூடாதா என்று தெரியாமலே சொல்லிவிட்டு. லூர்து பஞ்சு வைத்துக்கொள்வது தயாளனுக்குத் தெரியும். காதுவலி என்று சொல்லியிருந்தான். ஒவ்வொரு கல்யாணத்துக்கும் காதுவலியா என்று தயாளன் கேலிகூடச் செய்திருக்கிறான், பஞ்சு வியாபாரி என்று. லூர்து சிரித்தான் அப்போது. அப்பளம் என்று அன்றைக்குச் சொன்னவன், இத்தனை வருடமாகத் தன்னைப் பற்றி என்ன சொல்லிக்கொண்டிருக்கிறான், யாரிடம், அல்லது ஒன்றும் சொல்லாமலேதான் பஞ்சு வாங்குகிறானா. எது மேல் என்று தெரியவில்லை. பன்னிரண்டு வருடத் திருப்தி. அதில் எட்டு வருடம் இந்த மனிதனுடைய இடது கைப் பெருவிரலும் ஆள்காட்டி விரலும். கொஞ்சம் பஞ்சு. வசந்தியின் வாய் மூடிய மௌனம். நேசன் சாருக்கு ஒரு பக்ருதீன் இருந்திருந்தால் இன்னும் சில வருடம் வாசித்திருப்பார். பக்ருதீன் அப்போதும் இருந்தானே. அப்போது நேசன் சாரின் ஆம்ப்ளிஃபயர் அவனுக்கு முன்னால் மேடையில் நின்று நேராகவே கத்தியது, இறக்குவதற்கு இவன் கையில் திருகி இல்லை. நல்ல கருவி என்பது இதுதானா. யாரும் முகம் சுளிக்காதபடி உன்னைச் செவிடாக விட்டுவைப்பது.

“அதை நேரா வச்சிரு” என்றான் தயாளன்.

“வேணாம்ணே. இருக்கட்டும். எனக்கு ஒண்ணும் சிரமமில்ல.”

“நேரா வையி. நான் அங்க எறக்கிட்டு வாசிக்கிறேன். கேட்டுச் சொல்லு.”

மேடைக்குத் திரும்பி வந்தபோது லூர்து வந்திருந்தான். கீபோர்டுக்குப் பின்னால் நின்று சட்டைப்பையில் எதையோ துழாவிக்கொண்டிருந்தான். தயாளன் பார்க்காதது போல உட்கார்ந்து, கிட்டாரை எடுத்து, குனிந்து, பித்தானை ஒவ்வொரு வருடமாகப் பின்னால் மிதித்தான். எட்டே முக்கால் போயிற்று. ஏழு போயிற்று. கல்யாணமே இல்லாத வருடத்தைத் தாண்டி, ஐந்தரை, ஐந்தேகால். முகூர்த்தம் 13. நாற்பத்துநாலு வயதுக்காரன் ஒருவன், நல்ல காது உள்ளவன், ஒரு முதியவரை வெளியே அனுப்பிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்து, இதுதான் சரி என்று முடிவு செய்த குரல். தயாளன் வாசித்தான். சுரங்களைச் சேர்த்து மீட்டும் ஒரு முழுக் கார்டு, பிறகு அதையே சுரம் சுரமாகப் பிரித்து. கம்பளிக்குள்ளிருந்து வந்தது. யாரோ தந்திகளின் மேல் ஈரத்துணியைப் போட்டு, அதன் மேல் கையையும் வைத்து அழுத்தியது போல இருந்தது. விரலிடுக்கில் பிடித்த ப்ளெக்ட்ரம் வில்லை தந்தியைத் தொடும் அந்தச் சின்ன நகச் சத்தம், அதற்காகவே அவன் பதினாறு வயதில் கிட்டாரைக் கையில் எடுத்தான், அது இல்லவே இல்லை. விரலுக்குத் தெரிந்தது. காதுக்கு வரவில்லை. கை தானாக ட்ரெபிள் திருகியை நோக்கிப் போனது. பாதி வழியில் அதைப் பிடித்து நிறுத்தி, மறுபடி கழுத்துப் பலகைக்குக் கொண்டுவந்தான். அதே கார்டு. அதே கம்பளி. இது சரியாக இருக்க முடியாது, பக்ருதீன் கையை ஆட்டுவான், இது இல்லைண்ணே என்பான், பழையபடியே வையுங்கள் என்பான் என்று நினைத்துக்கொண்டே, நிமிராமல், அடுத்ததையும் வாசித்தான்.

நிமிர்ந்தபோது, மண்டபத்தின் நடுவில் பக்ருதீன் இரண்டு கையையும் மிக்ஸரிலிருந்து எடுத்துவிட்டு, மார்புக்குக் குறுக்கே கட்டிக்கொண்டு, தலையைச் சற்றே சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான். இத்தனை வருடத்தில் அவன் கையைக் கட்டிக்கொண்டு நின்று தயாளன் பார்த்ததில்லை. உறை மாட்டும் பெண்களில் ஒருத்தி வேலையை நிறுத்திவிட்டு மேடையைப் பார்த்தாள்.

“என்ன தயாளா” என்றான் லூர்து. பஞ்சு இன்னும் அவன் விரல்களுக்கு நடுவில் இருந்தது. அதை அவன் காதுக்குக் கொண்டுபோகவில்லை. “ப்ராசஸர் புதுசு மாத்திட்டியா? சொல்லவே இல்ல. அருமையா இருக்குப்பா.”

“பழசுதான்” என்றான் தயாளன்.

அவன் தொடர்ந்து வாசித்தான். இனி எல்லாக் கல்யாணங்களிலும் இப்படித்தான் கேட்கும். தனக்கு மட்டும் ஈரத்துணிக்கு அடியிலிருந்து. எண்ணை நம்பி, விரலை நம்பி, பக்ருதீனின் கட்டிய கைகளை நம்பி. நேசன் சார் கேட்டது இவ்வளவுதான், இதைத் தாங்கிக்கொள்கிறேன், அளவை மட்டும் சொல்லு என்பது. நாளைக்கு வசந்தியோடு காது டாக்டரிடம் போகலாம், அல்லது அடுத்த வாரம். ராஜரெத்தினத்துக்குத் தெரிந்தால் தேதி சொல்லாமல் விட்டுவிடுவார். சொல்வதற்கு யாராவது அவர் வீட்டுக்குப் போக வேண்டும். போகிறவன் யாரென்று தயாளன் ஒவ்வொரு முகமாக எண்ணிப் பார்த்தான். முன்பு போனவனைத் தவிர வேறு யாரும் அதில் பொருந்தவில்லை. பாடகர்களின் வேன் வாசலில் திரும்பியது. கிட்டாரைச் சாய்த்துவைத்துவிட்டு ஃபோனை எடுத்தான். பன்னிரண்டு வருடமாக ஒரே குரல், மாறாத குரல், முழுத் திருப்தி. மூன்றையும் அழித்தான். வெறுமையாக இருந்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டு, ஒரே வரி எழுதினான். பன்னிரண்டு வருடங்களாகப் பயன்படுத்துகிறேன், கருவியில் எந்தக் குறையும் இல்லை. அனுப்பும்போது ஃபோனிலிருந்து துளி சொட்டுவது போல ஒரு சின்னச் சத்தம் வரும் என்று பேரன் ஒருமுறை சொன்னதாக வசந்தி சொல்லியிருந்தாள். தயாளன் ஃபோனைக் காதோடு ஒட்டிவைத்துக்கொண்டு, கண்ணை மூடி, பெருவிரலால் அழுத்தினான். கொஞ்சம் காத்திருந்தான். பிறகு கண்ணைத் திறந்து பார்த்தான். போய்ச் சேர்ந்ததற்கான இரண்டு கோடுகள் விழுந்திருந்தன.